துதியும் வாழ்க்கைமொழியும்: கேரளச் சூழல் இயக்கங்களின் அமைப்பாற்றல் பற்றிய ஓர் இலக்கிய நோக்கு

1

சூழலைப் பாதுகாப்பதற்கென மக்கள் மத்தியில் தோன்றும் இயக்கங்கள் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் இருவகையினவாக அமைந்துள்ளன. அவ்வியக்கங்களின் வெற்றியைத் தனிமனிதரின் ஆன்ம வலிமைக்கும் கவிஞரின் உணர்ச்சிப் பெருக்குக்கும் உரியதாக்கிப் புகழ்வது ஒருவகை. 'இயலளவு விருத்தி' என்னும் தொடரின்கீழ், அவ்வியக்கங்களைச் சார்ந்தோருக்குக் கணக்கெழுதவும் அறிக்கை தயாரிக்கவும் செயலமர்வு நடத்தவும் பயிற்சி அளித்துவிட்டால் அவை தாமாகவே வலுப்பெற்றுவிடும் எனக் கருதுவது மற்றொரு வகை. முன்னையது அமைப்பு என்ற ஒன்றையே காண மறுக்கிறது; பின்னையது அமைப்பை வெறும் அலுவலகமாகக் காண்கிறது. இரண்டுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. ஓர் இயக்கத்தின் அமைப்பாற்றல் எந்த வர்க்கங்களின் உறவில் உருவாகிறது, எந்த மொழியில் தொழிற்படுகிறது, யாருடைய பணத்தில் நிலைக்கிறது என்னும் வினாக்களை இவ்விரு சாராரும் எழுப்புவதில்லை.

இவ்வினாக்கள் சமூகவியலாளருக்கு உரியன. இலக்கிய விமர்சகருக்கு இவற்றில் என்ன அக்கறை இருத்தல் கூடும் எனக் கேட்கப்படலாம். இயக்கங்கள் தமக்கெனப் பாடல்களையும் கவிதைகளையும் நாடகங்களையும் வாழ்க்கை வரலாறுகளையும் உருவாக்குகின்றன. அவை வெறும் பிரசாரக் கருவிகள் அல்ல. அவ்வியக்கங்களில் யார் பேசினர், யாருக்காகப் பேசினர், யார் பேச இயலாதிருந்தனர் என்பனவற்றை அப்படைப்புகளின் உள்ளடக்கத்தைக் காட்டிலும் அவற்றின் வடிவங்களே சில வேளைகளில் துலக்கமாகப் புலப்படுத்துகின்றன. இலக்கிய வடிவம் சமூக உறவுகளின் சுவட்டைத் தாங்கி நிற்பது என்பது மார்க்ஸிய விமர்சனத்தின் அடிப்படையான எடுகோள்களுள் ஒன்று. அவ்வெடுகோளை ஒரு குறிப்பிட்ட களத்திலே பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் களம் கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டம். அம்மாவட்டத்திலே ஏறத்தாழ கால் நூற்றாண்டு இடைவெளியில் இரு போராட்டங்கள் நிகழ்ந்தன. ஒன்று, 1970களின் இறுதியில் சைலன்ட் வாலி மழைக்காட்டைக் காப்பதற்காக நடந்தது. மற்றையது, 2002ஆம் ஆண்டு பிளாச்சிமடை என்னும் சிற்றூரில் கொக்கா-கோலாத் தொழிற்சாலைக்கு எதிராகத் தொடங்கியது. முன்னையது தனக்குரிய இலக்கிய வடிவமாகத் துதிப்பாடலைக் கண்டது. பின்னையது ஒரு பழங்குடிப் பெண்ணின் சொல்லக்கேட்டு எழுதப்பட்ட வாழ்க்கைக் கதையைத் தந்தது. இவ்வடிவ வேறுபாடு தற்செயலானதன்று என்பதும், அவ்விரு இயக்கங்களின் அமைப்பாற்றலும் அவ்வாற்றலின் எல்லைகளும் அதனுள் பதிந்துள்ளன என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

2

மேற்குத் தொடர்ச்சி மலையில், குந்திப்புழை என்னும் ஆறு பாயும் மழைக்காடு சைலன்ட் வாலி. அதன் பரப்பு ஏறத்தாழ 90 சதுர கிலோமீற்றர். அவ்வாற்றுக்குக் குறுக்கே அணை கட்டி, முதற்கட்டமாக 120 மெகாவாற் மின்வலுவை உற்பத்தி செய்யும் திட்டத்துக்கு இந்தியத் திட்டக்குழு 1973இல் ஒப்புதல் அளித்தது. அணை எழுந்திருப்பின் ஏறத்தாழ 830 ஹெக்டேயர் காடு நீரில் மூழ்கியிருக்கும். 1976இல் மத்திய அரசு நியமித்த பணிக்குழு ஒன்று, திட்டத்தைக் கைவிடுவதே தக்கது எனக் கூறியது. எனினும் கைவிட இயலாதாயின் சில பாதுகாப்பு நிபந்தனைகளோடு நிறைவேற்றலாம் என்று ஒரு வழியையும் திறந்து வைத்தது. மாநில அரசு அவ்வழியையே பற்றிக்கொண்டது.

திட்டத்தை ஆதரித்தோர் அனைவரையும் காட்டின் பகைவர் என ஒதுக்கிவிடுதல் வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. வட கேரளமாகிய மலபார், பிரித்தானியர் காலத்து மதராஸ் மாகாணத்தின் புறக்கணிக்கப்பட்ட மூலையாக இருந்த பிரதேசம். திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளோடு ஒப்புநோக்குமிடத்துப் பின்தங்கியது. மின்சாரம், கைத்தொழில், வேலைவாய்ப்பு என்பன அப்பிரதேச மக்களின் நியாயமான கோரிக்கைகளாக இருந்தன. இடதுசாரிக் கட்சிகள் உட்பட மாநிலத்தின் பெரும்பாலான கட்சிகளும் தொழிற்சங்கங்களும் அணையை வேண்டி நின்றமைக்கு இதுவே காரணம்.

இத்தகைய நிலையில் அணையை எதிர்த்த முக்கிய அமைப்பு கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. மலையாளத்தில் 'சாஸ்திரம்' என்னும் சொல் விஞ்ஞானத்தைக் குறிக்கும். 1962இல் கோழிக்கோட்டில், மலையாளத்தில் விஞ்ஞானம் எழுதுவோரின் சிறு கூட்டாகத் தோன்றியது அது. 1970களின் முற்பகுதியில் 'சமூகப் புரட்சிக்கு விஞ்ஞானம்' என்பதைத் தனது சுலோகமாக ஏற்று, கிராமக் கிளைகளைக் கொண்ட வெகுசன அமைப்பாக வளரத் தொடங்கியது. ஆசிரியர், விரிவுரையாளர், பொறியியலாளர், அரசாங்க ஊழியர் ஆகியோரே அதன் முதுகெலும்பு. அவருட் பலர் இடதுசாரி அரசியலுக்கு அணுக்கமானவர்கள். அங்ஙனமாயின், தாம் மதிக்கும் கட்சிகள் அணையை ஆதரித்த வேளையில் அதனை எதிர்த்து நிற்கும் வலிமை பரிஷத்துக்கு எங்கிருந்து கிட்டியது? அமைப்பாற்றல் என்னும் சொல்லுக்கு உள்ளீடு தருவது இவ்வினாவுக்கான விடையே எனலாம். அவ்விடையை நான்கு கூறுகளாக வகுத்து நோக்கலாம்.

முதலாவது மொழி. பரிஷத் எழுந்தது போராட்டத்துக்காக அன்று, மொழிக்காக. 1966இல் 'சாஸ்திரகதி', 1969இல் 'சாஸ்திரகேரளம்', 1970இல் சிறுவருக்கான 'யுரேக்கா' எனச் சஞ்சிகைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. உயிரியலையும் பொருளியலையும் பொறியியலையும் கிராமத்து வாசகன் தன் மொழியிலே படிக்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்காலம் பேணி வளர்க்கப்பட்டது. 1978இல் மழைக்காடு என்றால் என்ன என விளக்கவேண்டிய தேவை எழுந்தபோது, அதற்கான சொற்களும் அவற்றைப் படிக்கும் வாசகரும் ஏலவே இருந்தனர். அமைப்பின் இந்த ஆற்றல் நெருக்கடி நேரத்தில் ஆக்கப்பட்டதன்று. நெருக்கடிக்கு முன்னரே சேமிக்கப்பட்டது.

இரண்டாவது பணம். பரிஷத்தின் வருவாயிற் பெரும்பகுதி அது வெளியிட்ட நூல்களின் விற்பனையிலிருந்தே வந்தது. நூல் விற்பதற்கு உறுப்பினர் வீடு வீடாகச் செல்லவேண்டும். செல்லும் வீட்டில் உரையாடவேண்டும். நிதி திரட்டும் செயலே மக்களோடு தொடர்பு கொள்ளும் செயலாகவும் அமைந்தது. நன்கொடையளிப்போரின் விருப்பத்துக்கேற்ப நிலைப்பாட்டை மாற்றவேண்டிய நிர்ப்பந்தமும் இருக்கவில்லை. பணத்தின் மூலாதாரம் கணக்காளரின் பிரச்சினை மாத்திரமன்று, அரசியற் பிரச்சினையும் ஆகும் என்பதை இவ்வனுபவம் நன்கு உணர்த்துகிறது.

மூன்றாவது, எதிர்த்து வாதிடும் அறிவு. 1979இல் பரிஷத் வெளியிட்ட மதிப்பீட்டு நூல் தாவரவியலறிஞர் எம்.கே. பிரசாத், அணுசக்திப் பொறியியலாளர் எம்.பி. பரமேஸ்வரன், மின்பொறியியலாளர் வி.கே. தாமோதரன், விவசாய விஞ்ஞானி கே.என். சியாமசுந்தரன் நாயர், பொருளியலாளர் கே.பி. கண்ணன் ஆகிய ஐவரால் எழுதப்பட்டது. துறைகளின் இச்சேர்க்கை கருதத்தக்கது. காட்டின் அருமையைச் சொல்வதோடு நில்லாமல், மின்வலுவின் தேவை, அதன் பங்கீடு, மாற்று வழிகள் ஆகியவற்றையும் அந்நூல் ஆராய்ந்தது. மலபாரின் மின்சாரக் கோரிக்கையை மறுக்காமல், அக்கோரிக்கை வேறு வழியில் நிறைவேறக்கூடும் என வாதிட்டமையே அதன் சிறப்பு. ஏழை மக்களின் தேவைக்குப் பதில் கூறாத சூழல்வாதம் வசதி படைத்தோரின் இரசனையாகவே எஞ்சும்.

நான்காவது, உள்ளிருந்து எழும் மாறுபாட்டைத் தாங்கும் முறைமை. அணை பற்றிப் பரிஷத்தினுள்ளும் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. ஆயினும் விவாதித்து, தீர்மானம் நிறைவேற்றி, அதன்பின் ஒன்றாகச் செயற்படும் சனநாயக மரபு அங்கிருந்தது. கட்சியோடு நட்பு, ஆனால் கட்சியின் கிளையாக இல்லாமை என்னும் நிலைப்பாடு அம்மரபினாலேயே சாத்தியமாயிற்று.

1980இன் தொடக்கத்தில் மத்திய அரசு தலையிட்டது, எம்.ஜி.கே. மேனன் தலைமையிற் கூட்டுக்குழு அமைக்கப்பட்டது. 1983 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1985இல் திறந்துவைக்கப்பட்டது. இறுதி முடிவு டில்லியில் எடுக்கப்பட்டது என்பதை மறத்தல் ஆகாது. மலபார் விவசாயியோ தொழிலாளியோ அம்முடிவை எடுக்கவில்லை. மேலிடத்து விஞ்ஞானிகளினதும் ஆட்சியாளரினதும் செவியை எட்டும் வலிமை மத்தியதர வர்க்க அமைப்பொன்றுக்கு இருந்தது. அது அதன் பலம். அதுவே அதன் எல்லையும் ஆகும்.

3

இனி, கவிதைக்கு வருவோம். சைலன்ட் வாலிப் போராட்டத்தோடு பிரிக்க இயலாதவாறு இணைந்த பெயர் சுகதகுமாரி. அவர் செயலாளராகப் பணியாற்றிய பிரகிருதி சம்ரட்சண சமிதி எழுத்தாளரை ஒன்றுதிரட்டியது. 'மரத்தினு ஸ்துதி' என்னும் அவரது கவிதை போராட்டக் கூட்டங்களின் தொடக்கப் பாடலாகவே ஆயிற்று. ஓ.என்.வி. குறுப்பு, அய்யப்பப் பணிக்கர், கடம்மனிட்ட இராமகிருஷ்ணன், விஷ்ணு நாராயணன் நம்பூதிரி முதலிய முன்னணிக் கவிஞரும் இணைந்தனர். 1983இல் 'வனபர்வம்' என்னும் தொகுதி வெளிவந்தது. இக்கவிஞரை எள்ளிநகையாட 'மரக்கவிகள்' என்றொரு பட்டம் சூட்டப்பட்டது. மரத்தைப் பாடுவோர், மரம்போல் உணர்வற்றோர் என்னும் இரு பொருளும் தமிழில் போலவே அம்மொழியிலும் தொனிக்கும்.

ஏளனம் செய்தோரில் முற்போக்காளர் பலரும் இருந்தனர் என்பது இன்று சிந்திக்கத்தக்கது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி என்பதை அணை, ஆலை என்பவற்றின் எண்ணிக்கையோடு ஒன்றாகக் காணும் இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமே அவ்வேளனத்தின் அடியில் இருந்தது. மனிதன் இயற்கைமீது ஈட்டும் ஒவ்வொரு வெற்றிக்கும் இயற்கை தன் பழியைத் தீர்த்துக்கொள்ளும் என எங்கெல்ஸ் 1876இல் எழுதிய கட்டுரையிலேயே எச்சரித்திருந்தார். முதலாளித்துவ விவசாயம் தொழிலாளியைச் சுரண்டுவதோடு மண்ணையும் சுரண்டுவதை மார்க்ஸ் 'மூலதனம்' நூலிற் காட்டியிருந்தார். ஆகவே, மரக்கவிகளை ஏளனம் செய்தோர் மார்க்ஸியத்தின் பெயரால் மார்க்ஸியத்தின் ஒரு கூறினைப் புறக்கணித்தனர் எனல் தவறாகாது.

ஆயினும், கவிஞரைப் பாதுகாப்பது வேறு, அவர்தம் கவிதையை விமர்சியாது விடுவது வேறு. துதி என்னும் வடிவத்தைச் சற்று நுணுகி நோக்குவோம். அது பத்தி இலக்கியத்தின் பழமையான வடிவம். நமது மரபுக்கும் நன்கு பழக்கமானது. துதிப்பவர் தன்னைத் தாழ்த்தி, துதிக்கப்படுவதை உயர்த்துகிறார். துதிக்கப்படுவது மறுமொழி கூறுவதில்லை. சந்தைப் பெறுமதிக்குள் அடங்காத ஒன்று உலகில் உண்டு என்னும் உணர்வை இவ்வடிவம் வெகு எளிதிற் புலப்படுத்தும். கனமீற்றர் கணக்கில் மரத்தை அளக்கும் திட்ட அறிக்கைக்கு எதிரே, மரத்தை வணக்கத்துக்குரியதாக நிறுத்துவது ஒரு கருத்துநிலைப் போராட்டமே. பரிஷத்தின் மதிப்பீட்டு நூலால் செய்ய இயலாத ஒன்றைத் துதி செய்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் துதிக்கு இயல்பான தன்மைப்பன்மை 'நாம்' என்பதாகும். பேசுவோரையும் கேட்போரையும் ஒருங்கே உளப்படுத்தும் சொல் அது. மரத்தின் முன் நாம் அனைவரும் கடனாளிகள், நாம் அனைவரும் குற்றவாளிகள் என்று அது பேசும். ஒப்பந்தகாரனும், காட்டில் விறகு பொறுக்குபவளும் அந்த 'நாம்' என்பதனுள் ஒன்றாகிவிடுகின்றனர். வர்க்க வேறுபாடு கரைந்துபோகிறது. ஓ.என்.வி. குறுப்பின் புகழ்பெற்ற 'பூமிக்கொரு சரமகீதம்' இன்னும் மரித்திராத பூமிக்கு முன்கூட்டியே பாடப்படும் இரங்கற்பாவாகும். அங்கும் பூமி தாய். மனிதர் அனைவரும் தாயை அவமதித்த மக்கள். 1950களில் கேரள மக்கள் கலைக்கழகத்தின் நாடகங்களுக்குப் பாட்டெழுதி, உழைக்கும் மக்களின் நம்பிக்கையைப் பாடிய அதே கவிஞர், இங்கே எல்லா மனிதரையும் ஒரே குற்றப்பத்திரத்தில் நிறுத்துகிறார். இது கவிஞரின் தனிப்பட்ட வீழ்ச்சியன்று. அவர் அப்போது பேசிய மேடையின் வர்க்க இயல்பு வடிவத்தினூடாக வெளிப்படுகிறது என்றே நாம் கொள்ளவேண்டும்.

சைலன்ட் வாலியின் உட்பகுதி மக்கள் குடியிருப்பு அற்றது. அங்கே மரத்தை விளிப்பது எளிது. மரத்துக்கும் கவிஞருக்கும் இடையில் நின்று பேச எவருமிலர். அதன் கிழக்கே அடுத்திருப்பது அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் தம் நிலத்தைக் குடியேறிகளிடம் இழந்துகொண்டிருந்த மலைநிலம் அது. பறிபோன பழங்குடி நிலத்தை மீட்டளிக்கும் சட்டம் கேரளத்தில் 1975இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 1986 வரை ஆக்கப்படவேயில்லை. அதாவது, மழைக்காட்டுக்கான போராட்டம் தொடங்கி, வென்று, பூங்காத் திறப்புவிழாவும் முடிந்த காலம் முழுவதும் அச்சட்டம் செயலற்றுக் கிடந்தது. கடம்மனிட்டயின் 'குறத்தி' என்னும் கவிதை காட்டுப் பெண்ணொருத்தியின் வாயிலாக நாகரிக சமூகத்தின்மேற் குற்றஞ்சாட்டுவது. அவ்வகையில் அது துதியின் எல்லையைக் கடந்து நிற்பது. ஆயினும் அதனை மேடையில் முழங்கியவர் கவிஞரே. குறத்தி தானே ஏறிப் பேசுதற்கு மேடை இருக்கவில்லை.

மேடை என்ற சொல்லை இங்கு அணியாக ஆளவில்லை. இக்கவிதைகள் மக்களைச் சென்றடைந்த வழிகள் மிகத் தெளிவானவை. 1945இல் பி.என். பணிக்கர் தொடக்கிவைத்த நூலக இயக்கம் கிராமந்தோறும் வாசிகசாலைகளை உருவாக்கியிருந்தது. 1952இல் 'நிங்களென்னைக் கம்யூனிஸ்டாக்கி' நாடகம் அரங்கேறியதிலிருந்து, அரசியலைக் கலையாகக் காணும் பார்வையாளர் கூட்டம் வளர்ந்திருந்தது. 1980இல் பரிஷத் தொடங்கிய சாஸ்திர கலா ஜாதா என்னும் கலைப்பயணம் இவ்விரு மரபுகளின்மீதே கட்டியெழுப்பப்பட்டது. கவிதை காட்டைக் காத்தது என்று கூறுவோர், கவிதையைச் சுமந்து சென்ற இவ்வமைப்புகளை மறந்துவிடுகின்றனர்.

4

பிளாச்சிமடை, பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்துள்ள பெருமாட்டிப் பஞ்சாயத்தைச் சேர்ந்த சிற்றூர். எரவாளர், மலசர் முதலிய பழங்குடியினரும், நிலமற்ற விவசாயக் கூலிகளும் வாழும் இடம். எரவாளரின் பேச்சு தமிழோடு நெருங்கிய உறவுடையது. 2000ஆம் ஆண்டு அங்கு கொக்கா-கோலாக் கம்பனியின் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. ஆழ்குழாய்க் கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்சின. சில காலத்துள் அயற்கிணறுகளின் நீர்மட்டம் தாழ்ந்தது. எஞ்சிய நீர் சமையலுக்கும் குளிப்புக்கும் உதவாததாயிற்று என மக்கள் முறையிட்டனர்.

2002 ஏப்ரல் 22ஆந் திகதி தொழிற்சாலை வாயிலுக்கு எதிரே பந்தலிட்டு மறியல் தொடங்கப்பட்டது. பழங்குடித் தலைவி சி.கே. ஜானு அதனைத் தொடக்கிவைத்தார். நாளும் வந்து அமர்ந்தவருட் பெரும்பாலோர் பெண்கள். நீர் சுமப்பது பெண்ணின் உழைப்பாக இருக்கும் சமூகத்தில் கிணறு கெடுவதன் பாரம் முதலில் அவளது தலையிலேயே ஏறுகிறது. ஆகவே போராட்டத்தின் முன்னணியிற் பெண்கள் நின்றமையை 'பெண்மையின் இயல்பு' எனப் போற்றவேண்டியதில்லை; உழைப்புப் பிரிவினையின் விளைவு எனப் புரிந்துகொள்ளவேண்டும். அவருள் ஒருவராகிய மயிலம்மா விரைவிற் போராட்டத்தின் குரலாக அறியப்பட்டார். பிரதான கட்சிகள் தொடக்கத்தில் ஒதுங்கியே நின்றன.

சைலன்ட் வாலியில் நாம் கண்ட நான்கு கூறுகளை இங்கே தேடுவோமாயின் வேறுபாடு தெற்றெனப் புலப்படும். இம்மக்களிடம் தமக்கென ஒரு சஞ்சிகை இருக்கவில்லை. நூல் விற்று நிதி திரட்டும் வாய்ப்பும் இருக்கவில்லை. தமது கிணற்று நீரில் என்ன கலந்திருக்கிறது என்பதை நாவாலும் தோலாலும் அறிந்திருந்தனர். ஆயினும் அவ்வறிவை நீதிமன்றம் ஏற்கும் மொழிக்கு மாற்றும் ஆய்வுகூடம் அவர்கள் வசம் இருக்கவில்லை. 2003இல் பிபிசி வானொலி, தொழிற்சாலையிலிருந்து வயல்களுக்கு உரமெனக் கொடுக்கப்பட்ட கழிவுச்சேற்றின் மாதிரிகளைப் பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றிற் சோதிப்பித்தபோது, அதில் கட்மியமும் ஈயமும் உள்ளமை தெரியவந்தது. கம்பனி தன்மீதான குற்றச்சாட்டுகளை மறுத்து வந்தது. கிராமத்துப் பெண்ணின் சொல்லுக்குக் கிட்டாத செவி ஆய்வுகூடத்தின் தாளுக்குக் கிட்டியது என்பதே இதிலுள்ள கசப்பான பாடம்.

அமைப்பைப் பொறுத்தவரை, பிளாச்சிமடையில் இரு குழுக்கள் இயங்கின: ஊர்மக்களின் போராட்டக் குழு ஒன்று, வெளியிலிருந்து வந்த ஆர்வலரின் ஒருமைப்பாட்டுக் குழு மற்றொன்று. இவ்வேற்பாடு தொடக்கத்தில் இன்றியமையாததாகவே இருந்தது. ஆயினும் இருப்பும் மறியலும் ஒரு குழுவிடமும், அறிக்கை, வழக்கு, செய்தித்தாள், வெளிநாட்டுத் தொடர்பு ஆகியன பெரும்பாலும் மற்றைய குழுவிடமும் அமைந்தன. உடலுழைப்புக்கும் மூளையுழைப்புக்கும் இடையிலான பழைய பிரிவினை போராட்டப் பந்தலுக்குள்ளும் புகுந்துகொண்டது எனலாம்.

போராட்டம் பெரும் வெற்றி கண்டது என்பதை மறுப்பதற்கில்லை. 2003 ஏப்ரலில் பெருமாட்டிப் பஞ்சாயத்து அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு டிசெம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுமக்களின் உடைமை என்னும் கோட்பாட்டை முன்வைத்துத் தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் கொண்ட ஆயம் நாளொன்றுக்கு ஐந்து இலட்சம் லீற்றர் நீரெடுக்க அனுமதித்தபோதும் உற்பத்தி மீளவில்லை. மீண்டும் தொடங்கும் எண்ணமில்லை எனக் கம்பனி 2017இல் உச்ச நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. ஆயின் இழப்பீடு? மாநில அரசின் உயர்மட்டக் குழு 2010இல் ஏறத்தாழ 216 கோடி ரூபா இழப்பை மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவைக் கேரளச் சட்டசபை 2011இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டாமையால் அது சட்டமாகவில்லை.

அமைப்பாற்றலின் உண்மையான சோதனை இவ்விடத்தேதான் எழுகிறது. ஆலை வாயிலை அடைப்பதற்கு ஆத்திரமும் துணிவும் ஒற்றுமையும் போதுமாயிருக்கலாம். ஒரு மசோதாவைப் பதினைந்து, இருபது ஆண்டுகள் விடாது பின்தொடர்வதற்கு ஆவணம் பேணுவோர், பிரதிநிதிகளைக் கேள்வி கேட்போர், இளந்தலைமுறைக்குக் கற்பிப்போர் வேண்டும். தொலைக்காட்சிக் கமராக்கள் அகன்ற பின்னர் எஞ்சுவது எதுவோ அதுவே ஓர் இயக்கத்தின் அமைப்பு.

5

மயிலம்மா 2007இல் காலமானார். அவர் சொல்ல, ஜோதிபாய் பரியாடத்து என்பவர் மலையாளத்தில் எழுதிய அவரது வாழ்க்கைக் கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. எழுத்துப் பயிற்சி மறுக்கப்பட்டோரின் வாழ்க்கையை எழுதத் தெரிந்தோர் கேட்டெழுதும் இவ்வகையை 'வாழ்க்கைமொழி' என நாம் இங்கு குறிப்போம்.

துதியோடு ஒப்பிடுகையில் இவ்வடிவத்தின் தனித்தன்மை தெளிவாகும். துதியில் இயற்கை வணங்கப்படும் பொருள். வாழ்க்கைமொழியில் அது புழங்கப்படும் பொருள். இங்கே நீர் தெய்வமன்று. உலையில் வார்ப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது, தலையிற் சுமப்பது. கெட்ட நீரில் வெந்த சோறு கெடுவது இங்கு உவமையன்று. நேற்றைய இராச் சாப்பாடு. சூழல் என்னும் கருத்து அன்றாட உழைப்பின் விவரமாக மாறுகிறது. கருத்துமுதல்வாதத்துக்கு இடந்தராத எழுத்து இது.

இரண்டாவதாக, இவ்வடிவத்தின் தன்மைப்பன்மை 'நாம்' அன்று, 'நாங்கள்'. கேட்போரை உளப்படுத்தாத பன்மை. எங்கள் கிணறு, எங்கள் பிள்ளைகள் எனப் பேசுவோள் தன் முன் அமர்ந்து கேட்பவர் அக்கிணற்று நீரைக் குடிப்பவரல்லர் என்பதை அறிந்தே பேசுகிறாள். திராவிட மொழிகள் பேணிவரும் இவ்விலக்கண வேறுபாட்டினுள் ஒரு சமூக உண்மை பொதிந்துள்ளது. துதியின் 'நாம்' வேறுபாடுகளைக் கரைத்து ஒருமை காண்கிறது. வாழ்க்கைமொழியின் 'நாங்கள்' வேறுபாட்டைச் சொல்லி நியாயம் கேட்கிறது.

எனினும் வாழ்க்கைமொழியையும் நாம் துதிக்கவேண்டியதில்லை. சொல்வோள் ஒருவர், எழுதுவோர் வேறொருவர் என்னும் பிரிவு அவ்வடிவத்தின் உள்ளார்ந்த பகுதி. மேலே கூறிய இரு குழுக்களின் உறவு இந்நூல் வகையின் வடிவத்திலேயே மறுபடியும் தோன்றுகிறது. மேலும், ஓர் ஊரின் கூட்டுப் போராட்டம் ஒரு பெண்ணின் வாழ்க்கையாகச் சுருங்கும்போது, வாசகர் நினைவில் தலைவி நிற்கிறாள். பந்தலில் இருந்த ஏனையோர் மறைகின்றனர். வீரநாயகியை வேண்டும் நூற்சந்தையும் செய்திச்சந்தையும் இதனை விரும்பி ஊக்குவிக்கும். அத்தலைவி மறையும்போது அமைப்பும் தளர்ந்துவிட்டதாகத் தோன்றுவது இதன் விளைவே.

6

இதுவரை நோக்கியவற்றைத் தொகுத்துக் கூறலாம். சைலன்ட் வாலி இயக்கத்திடம் நூல் இருந்தது, நிதி இருந்தது, ஆய்வு இருந்தது, கவிதை இருந்தது. காட்டோடும் நிலத்தோடும் நேரடி உறவுடைய மக்களின் குரல் அதன் மையத்தில் இருக்கவில்லை. பிளாச்சிமடையிடம் அக்குரல் இருந்தது. அக்குரலை ஆண்டுக்கணக்கில் தாங்கி நிற்கும் நிலையான கட்டமைப்புப் போதியதாக இருக்கவில்லை. ஒன்று 'நாம்' எனப் பேசியது, ஆயினும் அந்த 'நாம்' யாரென்று வினவவில்லை. மற்றையது 'நாங்கள்' எனப் பேசியது, ஆயினும் அதனைப் பரந்த 'நாம்' ஆக விரிக்கும் நிறுவன வழிகள் அதற்கு வாய்க்கவில்லை. அடிமட்டச் சூழல் அமைப்புகளை வலுப்படுத்துதல் என்பது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கடக்கும் பணியே அன்றிப் பிறிதன்று.

அப்பணிக்கு இவ்விரு அனுபவங்களும் சில வழிகளைச் சுட்டுகின்றன. அமைப்பின் பணம் அதன் உறுப்பினரிடமிருந்தும் வாசகரிடமிருந்தும் வருதல் வேண்டும். நீரையும் மண்ணையும் சோதிக்கும் அறிவு, அந்நீரைக் குடிப்போரின் கையில், அவர்தம் மொழியிற் சேரவேண்டும். ஊர்ப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரும் மாணவரும் இதற்குத் தொடக்கமாகலாம். தொழிலாளியின் வேலையையும் ஏழை வீட்டின் மின்விளக்கையும் பற்றிப் பதில் கூறும் மாற்றுத் திட்டம் ஒவ்வொரு போராட்டத்தின் பகுதியாகவும் அமையவேண்டும். இன்றேல் உழைக்கும் வர்க்கம் ஆலையின் பக்கமே நிற்க நிர்ப்பந்திக்கப்படும். ஆதரவாளர் குழுவும் போராட்டக் குழுவும் என்றென்றும் இரண்டாக இருத்தலாகாது; எழுதத் தெரிந்தோர் எழுதிக்கொடுப்பதோடு நில்லாமல் எழுதக் கற்பித்தலும், கணக்கையும் ஆவணத்தையும் ஊர்மக்களிடம் ஒப்படைத்தலும் கடமையாகும். 'இயலளவு விருத்தி' பேசுவோரின் செயலமர்வுகளில் இவற்றுள் எது நடைபெறுகிறது என்பதைக்கொண்டே அவற்றை மதிப்பிடல் வேண்டும்.

இலக்கிய விமர்சகருக்கும் இதில் ஒரு பணியுண்டு. சூழல் இலக்கியம் என்னும் தலைப்பின்கீழ் எமது பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகள் பெருகிவருகின்றன. காடு, கடல், மழை பற்றிய வருணனைகளைப் பாடல்களிலும் புனைகதைகளிலும் தேடித் தொகுப்பதோடு அவற்றுட் பல அமைதி கண்டுவிடுகின்றன. அத்தொகுப்பு பயனற்றதன்று. ஆயினும் அவ்வருணனையின் 'நாம்' என்பதனுள் யார் அடங்குவர், யார் விலக்கப்படுவர், அப்படைப்பு எந்த அமைப்பின் கைவழியாக எந்த மக்களைச் சென்றடைந்தது என்னும் வினாக்களையும் கேட்டாலன்றி அவ்வாய்வு முழுமை பெறாது. மரத்தைப் பாடிய கவிதையையும் கிணற்றைப் பற்றிப் பேசிய பெண்ணின் சொல்லையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் விமர்சனமே, அக்கவிஞரும் அப்பெண்ணும் ஒரே அமைப்பில் சமமாக அமர்ந்து பேசும் காலத்தை விரைவுபடுத்த உதவும்.